பெரியவங்களும் படிக்கிற மாதிரி ஊர் மலர், நோட்டீஸ், கணக்கு அறிக்கை போடுறது எப்படி

எங்க ஊர் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர் போடுற வேலை என் தலையில விழுந்துச்சு. காரணம் பெருசா ஒண்ணுமில்ல, லேப்டாப் வச்சிருக்கிற ஆளு நான்தான்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. 48 பக்கம், 1000 காப்பி. கட்டு பிரிச்சதும் முதல் காப்பிய பெரியப்பா கையில குடுத்தேன். மனுஷன் கண்ணாடிய மேல தூக்கிப் பாத்தாரு, கீழ இறக்கிப் பாத்தாரு, எந்திரிச்சு ட்யூப்லைட்டுக்கு கீழ போயி நின்னாரு, கடைசியில "போட்டோ நல்லாருக்குப்பா"ன்னு சொல்லி மூடி வச்சிட்டாரு. 48 பக்கத்துல ஒரு வரி கூட அவரால படிக்க முடியல.

அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு வரவு செலவு அறிக்கை போடணும்னாங்க, 16 பக்கம். இந்த தடவ விசாரிச்சு, கெஞ்சி, டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல பக்கம் செட் பண்ற பையன் பக்கத்துல ரெண்டு நாள் உக்காந்து கத்துக்கிட்டு பண்ணேன். அந்த ரெண்டுக்கும் நடுவுல கத்துக்கிட்டதுதான் கீழ இருக்கு. நீங்க போடுறது சங்க நோட்டீஸா இருக்கலாம், ஸ்கூல் ஆண்டு மலரா இருக்கலாம், அபார்ட்மென்ட் விதிமுறையா இருக்கலாம், முறை ஒண்ணுதான்.

1. யாரு, எந்த வெளிச்சத்துல படிப்பாங்கன்னு முதல்ல எழுதுங்க

கம்ப்யூட்டரத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மூணே வரி: படிக்கிறவங்க யாரு, எங்க வச்சு படிப்பாங்க, படிச்சதும் என்ன செய்யணும். எங்க மலருக்கு இத எழுதியிருந்தா "60 வயசுக்கு மேல, திண்ணையில, யாகசாலை பூஜை எத்தன மணிக்குன்னு பாக்க"ன்னு வந்திருக்கும். ஆனா நான் என்ன பண்ணேன், பூஜை நேரத்த 31ஆம் பக்கத்துல வச்சேன், முதல் 12 பக்கமும் வாழ்த்துரை. ஆளாளுக்கு ஃபோன் பண்ணி "தம்பி, நாலாம் கால பூஜை எப்போ"ன்னு கேட்டாங்க, கையில மலர வச்சிக்கிட்டே கேட்டாங்க.

அதனால ஜனங்க தேடுற விஷயம் முதல் பக்கத்துலயோ, இல்லன்னா அட்டைக்கு பின்பக்கத்துலயோ வரணும். வாழ்த்துரை எழுதிக் குடுத்தவங்க கோச்சுக்குவாங்க, பரவாயில்ல, அதுக்கு ஒரு வழி இருக்கு, அட்டையின் உள்பக்கத்துல நிகழ்ச்சி நிரலப் போட்டுட்டா 1ஆம் பக்கம் அவங்களுக்கே கிடைச்சிடும்.

2. மேட்டர் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல, யுனிகோடுல சேருங்க

பாதி கண்ணீர் இங்கதான். ஒருத்தர் வாட்ஸப்ல டைப் பண்ணி அனுப்புவாரு, ஒருத்தர் கையெழுத்துல, ஒருத்தர் பத்து வருஷத்துக்கு முன்னாடி பாமினி ஃபான்ட்ல அடிச்ச வேர்டு ஃபைல. வாட்ஸப்ல வர்றது யுனிகோடு, அதாவது எந்த கம்ப்யூட்டர்லயும் ஃபோன்லயும் தமிழாவே தெரியிற பொது எழுத்து முறை. பாமினி மாதிரி பழைய ஃபான்ட் எல்லாம் ஆங்கில எழுத்து மேல தமிழ் உருவத்த ஒட்டி வச்சது, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா ஏதோ கிறுக்கல் மாதிரி ஆங்கில எழுத்தா தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவச மென்பொருள் இருக்கு, அதுல போட்டு யுனிகோடுக்கு மாத்திக்கலாம். மாத்துனதோட வேலை முடிஞ்சதுன்னு நெனச்சா அங்கதான் மாட்டுவீங்க.

பழைய ஃபான்ட்ல அடிக்கிறப்ப நெறைய பேரு "ர்"க்கு பதிலா கால் போட்டு புள்ளி வச்சிடுவாங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும்ல. மாத்தும்போது அது அப்படியே "ா்"ன்னு வந்துடும். "தர்மலிங்கம்" உள்ளுக்குள்ள "தா்மலிங்கம்"னு கிடக்கும். சில ஃபான்ட்ல வித்தியாசமே தெரியாது, வேற ஃபான்ட்டுக்கு மாத்துன உடனே எழுத்துக்கு நடுவுல ஒரு புள்ளிபுள்ளியான வட்டம் முளைக்கும். எங்க நன்கொடையாளர் பட்டியல்ல 40 பேருக்கு மேல அந்த வட்டத்தோட அச்சாகிடுச்சு. அதுல ஒருத்தரு ராஜகோபுர கலசத்துக்கே பணம் குடுத்தவரு. கன்ட்ரோல் எச் அடிச்சு "ா்" தேடி "ர்" போட்டா ஒரே நிமிஷ வேலை. அதே மாதிரி "ஒள"ன்னு ரெண்டு எழுத்தா கிடக்குறதையும் ஒவ்வொண்ணா தேடிப் பாருங்க, "ஔவையார்"ல வரவேண்டிய "ஔ" ஒரே எழுத்து. ஆனா இத மொத்தமா மாத்திடாதீங்க, "ஒளி", "ஒளிவு" எல்லாம் மாட்டிக்கும்.

இன்னும் சின்னச் சின்ன சுத்தம்: முற்றுப்புள்ளிக்கும் கமாவுக்கும் முன்னாடி இடைவெளி விடாதீங்க, விட்டா புள்ளி மட்டும் தனியா அடுத்த வரி ஆரம்பத்துல போயி நிக்கும். ஸ்பேஸ்பார தட்டித் தட்டி நேர் பண்றது, என்ட்டர தட்டித் தட்டி பக்கம் தள்றது, ரெண்டும் வேணாம், ஃபைல் அடுத்த ஆள் கம்ப்யூட்டருக்கு போன உடனே எல்லாம் கலைஞ்சிடும்.

3. பக்க அளவு

ஏ4 பெருசு, கையில பிடிச்சு படிக்க ஆகாது, வரி நீளமா ஓடும், கண்ணு அடுத்த வரிய பிடிக்கிறதுக்குள்ள தவறிடும். புத்தகமா போடுறீங்கன்னா ஏ5, இல்ல பிரஸ்காரங்க சொல்ற டெம்மி, அதாவது கிட்டத்தட்ட ஐந்தரைக்கு எட்டரை இஞ்ச். ஏ5ங்கிறது 148க்கு 210 மி.மீ. அதுல ரெண்டு பக்கமும் மார்ஜின் விட்டா 12 பாயின்ட் (வேர்டுல ஃபான்ட் சைஸ்னு வர்ற நம்பர்) எழுத்துல வரிக்கு அஞ்சாறு வார்த்தை வரும், தமிழ் வார்த்தை நீளம்ங்கிறதால அது போதும். இன்னொரு லாபம், அதே பிடிஎஃப்ப வாட்ஸப்ல விட்டா ஃபோன்ல ஜூம் பண்ணாம ஓரளவு படிக்கலாம். ஏ4ன்னா விரல வச்சு இழுத்து இழுத்தே வெறுத்துடுவாங்க.

நடு மடிப்பு பக்கம் மார்ஜின் கூட விடுங்க, 18 மி.மீ.யாவது. நான் 10 விட்டேன், வரியோட கடைசி எழுத்தெல்லாம் மடிப்புக்குள்ள போயிடுச்சு.

4. ஃபான்ட், அளவு, வரி இடைவெளி

இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. இங்கிலீஷுக்குச் சொல்ற அளவ தமிழுக்கு அப்படியே போடாதீங்க. நம்ம எழுத்துல "கீ", "டி" எல்லாம் தலைக்கு மேல கொக்கி போடும், "ளு", "று", "ஞு" எல்லாம் கீழ வால் விடும். மேல் வரியில ஒரு "ளு" வந்து அதுக்கு நேர் கீழ ஒரு "டீ" வந்தா ரெண்டும் இடிச்சுக்கும். நான் மலர்ல 10 பாயின்ட் எழுத்து, 12 பாயின்ட் வரி இடைவெளி வச்சேன், பக்கம் மிச்சமாகும்னு. ஒரு பக்கத்த தூரமா வச்சு பாத்தா எறும்பு ஊருற மாதிரி இருந்துச்சு.

கணக்கறிக்கையில 12 பாயின்ட் எழுத்துக்கு 18 பாயின்ட் இடைவெளி வச்சேன், அதாவது எழுத்தளவுல ஒன்றரை மடங்கு. வயசானவங்களுக்கு மட்டும்னா 14க்கு 21. வேர்டுல வரி இடைவெளிய "எக்ஸாக்ட்லி"ன்னு வச்சு நம்பர் குடுக்குறப்ப கம்மியா குடுத்துட்டா எழுத்தோட கொக்கியும் வாலும் வெட்டுப்பட்டு போகும், கவனம்.

பாயின்ட்ட மட்டும் நம்பாதீங்க. ஒரே 12 பாயின்ட்டுன்னாலும் ஃபான்ட்டுக்கு ஃபான்ட் எழுத்து சின்னதாவும் பெருசாவும் இருக்கும். நான் இப்ப பண்றது இதான்: ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து "ப" எழுத்தோட உயரத்த ஸ்கேல் வச்சு அளப்பேன். 2 மி.மீ.க்கு குறைஞ்சா அளவ ஏத்துவேன். இது எந்த ரூல் புக்குலயும் இருக்கான்னு கேக்காதீங்க, பெரியப்பா கண்ணுக்கு ஒத்து வந்த அளவு.

எந்த ஃபான்ட்? நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை இதெல்லாம் இலவசம், அச்சுக்கும் தாராளமா பயன்படுத்தலாம். விண்டோஸ்லயே நிர்மலா யூஐ இருக்கு. ஒண்ண எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் அதுலயே போங்க, அதிகபட்சம் தலைப்புக்கு ஒண்ணு கூட. நான் மலர்ல ஏழு ஃபான்ட் போட்டேன், ஃபிளெக்ஸ் போர்டு கடை மாதிரி இருந்துச்சு. ஃபான்ட்ட தேர்ந்தெடுக்குறப்ப "ர"வும் "ா"வும் பிரிஞ்சு தெரியுதா, "ண"வுக்கும் "ன"வுக்கும் சுழி எண்ணி சொல்ல முடியுதான்னு மட்டும் பாருங்க.

அளவு மாத்தினாலும் தமிழ் மட்டும் மாறலையா? லிப்ரே ஆபீஸ்ல தமிழுக்கு தனி ஃபான்ட், தனி அளவு செட்டிங் இருக்கு, சிடிஎல்னு போட்டிருக்கும். வேர்டுலயும் ஃபான்ட் பெட்டிக்குள்ள "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்"னு தனியா வரும். ஒரு ராத்திரி பூரா இதுக்காக முட்டிக்கிட்டேன்.

அடுத்தது வரிய ரெண்டு ஓரமும் நேரா நிறுத்துறது, அதாவது ஜஸ்டிஃபை. பாக்க கம்பீரமா இருக்கும்னு எல்லாரும் கேப்பாங்க. "கும்பாபிஷேகத்திருப்பணிக்குழுவினர்"னு ஒரு வார்த்தை வந்தா அது அடுத்த வரிக்கு ஓடிடும், இந்த வரியில இருக்கிற மூணு வார்த்தைக்கு நடுவுல ஆட்டோ போற அளவு இடைவெளி விழும். இடது பக்கம் மட்டும் நேரா விடுங்க, வலது பக்கம் மேடு பள்ளமா இருக்கட்டும். கமிட்டி ஒத்துக்கலன்னா நீளமான வார்த்தைகள பிரிச்சு எழுதுங்க, "திருப்பணிக் குழுவினர்"னு. கையால உடைக்க வேண்டி வந்தா புள்ளி எழுத்து அடுத்த வரியோட ஆரம்பத்துல வராம உடைங்க: "வந்" இந்த வரி, "தார்கள்" அடுத்த வரி. "வ" மட்டும் மேல விட்டு "ந்தார்கள்"னு கீழ ஆரம்பிச்சா படிக்கிறவங்களுக்கு வாய் தட்டும்.

5. தலைப்பும் அழுத்தமும்

நமக்கு கேப்பிட்டல் எழுத்து கிடையாது, சாய்வெழுத்தும் பெரும்பாலான தமிழ் ஃபான்ட்ல தனியா இல்ல, சாய்வு பட்டன அமுக்குனா இருக்கிற எழுத்த கம்ப்யூட்டரே தள்ளி சாய்க்கும், அசிங்கமா இருக்கும். அதனால அழுத்தத்துக்கு போல்டு ஒண்ணுதான். அதுவும் அந்த ஃபான்ட்டுக்குன்னே போல்டு ஃபைல் இருக்கான்னு பாத்து போடுங்க, இல்லன்னா "ண", "ஞ", "ஜ" எல்லாத்தோட வயித்துக்குள்ள இங்க் ரொம்பி கறுப்பு உருண்டை ஆகிடும். அடிக்கோடும் வேணாம், "கு", "ளு" வால வெட்டிட்டு போகும்.

தலைப்புக்கு மேல இருக்கிற இடைவெளி கீழ இருக்கிறத விட அதிகமா இருக்கணும். அப்பதான் தலைப்பு தன் பத்தியோட ஒட்டி நிக்கும்.

6. நன்கொடையாளர் பட்டியல்

ஊர் மலர்ல எல்லாரும் படிக்கிற ஒரே பகுதி இதான், தன் பேரு இருக்கா, பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு குடுத்தான்னு பாக்க. அப்படிப்பட்ட பகுதிய நாம 8 பாயின்ட்ல போட்டு கட்டம் கட்டமா கோடு வேற அடிக்கிறோம். கட்டத்த எல்லாம் எடுத்துடுங்க. வரிசைக்கு வரிசை மெல்லிசா ஒரு கோடு போதும், இல்ல அஞ்சு பேருக்கு ஒரு தடவ சின்ன இடைவெளி.

பேரு இடது பக்கம் நேரா, தொகை வலது பக்கம் நேரா, 1,25,000க்கு கீழ 5,001 வந்தா கடைசி இலக்கத்துக்கு நேர் கீழ கடைசி இலக்கம் நிக்கணும். தொகைய நடுவுல சென்டர் பண்ணா யாரு லட்சம் யாரு ஆயிரம்னே கண்ணுக்கு பிடிபடாது. பேருக்கும் தொகைக்கும் நடுவுல ரொம்ப தூரம் விடாதீங்க. இனிஷியல் எல்லாருக்கும் ஒரே மாதிரி முன்னாடி, "மு. கண்ணன்", "மு.கண்ணன்", "கண்ணன் மு"ன்னு மூணு விதமா வேணாம்.

வரிசை தொகைப்படியா, தெருப்படியா, அகரவரிசையாங்கிறத நீங்க முடிவு பண்ணாதீங்க. கமிட்டிகிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க. இதுல டிசைன் ஒண்ணும் இல்ல, உசிரு பாதுகாப்பு.

7. போட்டோ, கலர், பேப்பர்

போட்டோவ வாட்ஸப்ல சாதாரணமா அனுப்புனா அது சுருக்கிடும், "டாக்குமென்ட்"டா அனுப்பச் சொல்லுங்க. அச்சுக்கு 300 டிபிஐ, இஞ்ச்சுக்கு 300 புள்ளி வேணும், அதாவது 2 இஞ்ச் அகலத்துக்கு போடணும்னா 600 பிக்சல் இருக்கணும்.

எழுத்துக்கு பின்னாடி கோபுரத்து படத்த மங்கலா போடுறது ஒரு வியாதி, நானும் பண்ணேன். வேணாம். கறுப்பு எழுத்து, வெள்ளை பேப்பர். மஞ்சள் மேல தங்கக் கலர், ரோஸ் மேல சிவப்பு எல்லாம் ஸ்கிரீன்ல ஜொலிக்கும், ஜெராக்ஸ் எடுத்தா காணாம போயிடும். ஒரு சோதனை இருக்கு, பக்கத்த கருப்பு வெள்ளையில ஜெராக்ஸ் எடுங்க, அப்பவும் படிக்க முடிஞ்சா சரி. பல கலர் அச்சுன்னா பத்தி எழுத்து கறுப்பு இங்க்ல மட்டும் வருதான்னு பிரஸ்ல கேளுங்க, நாலு கலரும் சேர்ந்த கறுப்புன்னா பிளேட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து ரெண்டு ரெண்டா தெரியும்.

பளபள ஆர்ட் பேப்பர் ட்யூப்லைட்ட அப்படியே கண்ணுல அடிக்கும். பெரியப்பா மலர சாய்ச்சு சாய்ச்சு பாத்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு பிறகுதான் புரிஞ்சது. உள் பக்கத்துக்கு 80 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனம்) மேப்லித்தோ, அதாவது பளபளப்பு இல்லாத சாதா அச்சுப் பேப்பர் போதும், ரொம்ப மெல்லிசா எடுத்தா பின்பக்க எழுத்து முன்னாடி தெரியும்.

8. பிரஸ்ல குடுக்குறது, ப்ரூஃப் பாக்குறது

முதல் கேள்வி: "நீங்க எந்த சாஃப்ட்வேர்ல செட் பண்ணுவீங்க?" இன்னமும் பேஜ்மேக்கர்ல வேலை பாக்குற இடம் இருக்கு, அதுக்கு யுனிகோடு தெரியாது, உங்க சுத்தமான ஃபைல மறுபடி பழைய ஃபான்ட்டுக்கு மாத்துவாங்க, மறுபடி தப்பு முளைக்கும். இன்டிசைன்னா யுனிகோடு ஏறும், ஆனா பத்தி செட்டிங்ல "வேர்ல்டு ரெடி" கம்போசர தேர்ந்தெடுத்திருக்கணும், இல்லன்னா கொம்பு எழுத்துக்கு பின்னாடி போயி நிக்கும். முதல் ப்ரூஃப்ல, அதாவது திருத்தம் பாக்க பிரஸ்ல குடுக்குற மாதிரி அச்சுல, "நன்கொடை", "கோயில்", "வெள்ளி", "செவ்வாய்" நாலு வார்த்தைய தேடிப் பாருங்க, கொம்பு சரியா இருந்தா மத்ததும் சரியா இருக்கும்.

நீங்களே வேர்டுலயோ கூகுள் டாக்ஸ்லயோ முடிச்சு பிடிஎஃப்பா குடுக்கலாம், 16 பக்க அறிக்கைய நான் அப்படித்தான் குடுத்தேன். அட்டையில ஓரம் வரைக்கும் கலர் வருதுன்னா வெட்டுறதுக்காக எல்லா பக்கமும் 3 மி.மீ. கூட விடணும்.

ப்ரூஃப் ஸ்கிரீன்ல பாக்காதீங்க, பேப்பர்ல எடுங்க, நிஜ அளவுல. எழுதுனவரே பாத்தா தப்பு தெரியாது. பேரு, தேதி, தொகை, ஃபோன் நம்பர் இதுக்கு மட்டும் ரெண்டு பேரு உக்காருங்க, ஒருத்தர் ரசீது புக்க வச்சு சத்தமா வாசிக்கணும், இன்னொருத்தர் ப்ரூஃப்ல டிக் அடிக்கணும். கடைசி ப்ரூஃப்ல ஒவ்வொரு பக்கத்துலயும் கமிட்டியில ஒருத்தர் கையெழுத்து போடட்டும். நான் வாங்கல, "நீ பாத்திருக்க கூடாதா"ன்னு இன்னைக்கு வரைக்கும் கேக்குறாங்க.

9. செலவும் நாளும்

ஊருக்கு ஊர் ரேட் மாறும், எனக்கு ஆனத சொல்றேன். டைப் செட்டிங் பக்கத்துக்கு 60 ரூபா, ரெண்டு ப்ரூஃப் வரைக்கும் அதுக்குள்ள, மூணாவது ப்ரூஃப்லேர்ந்து திருத்தத்துக்கு தனி காசு. மேட்டர நீங்களே அடிச்சு சுத்தமா குடுத்தா இது பாதியாகும். மலர் ஒரு காப்பி 42 ரூபா விழுந்துச்சு.

ஆஃப்செட்ல (பிளேட் போட்டு அடிக்கிற அச்சுல) 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாள்ல சேர்ந்து அச்சாகுற கட்டு. 48ன்னா மூணு ஃபாரம். 48க்கு மேல ஒரே ஒரு வாழ்த்துரை கூட வந்தாலும் அடுத்த ஃபாரத்துக்கு காசு. நடுவுல பின் அடிக்கிறதுன்னா பக்கம் 4ஆல வகுபடணும். எழுத்த பெருசாக்குனா பக்கம் கூடுமேன்னு கமிட்டி பயப்படும், அப்ப எழுத்துல கைவைக்க விடாதீங்க, மேட்டர குறைங்க. எங்க வாழ்த்துரை 12ல ஒன்பது "எல்லாம் வல்ல இறைவன்"னு ஆரம்பிச்சு "வாழ்த்தி மகிழ்கிறேன்"னுதான் முடிஞ்சது. காப்பி நூறு, இருநூறுன்னா டிஜிட்டல் பிரின்ட் கேட்டுப் பாருங்க, பிளேட் செலவு இல்ல.

நாள் கணக்க விழா தேதியிலேர்ந்து பின்னாடி எண்ணுங்க. விழாவுக்கு 3 நாள் முன்னாடி கட்டு கையில வந்திருக்கணும், அச்சும் பைண்டிங்கும் 7 நாள், ப்ரூஃப் 6 நாள், செட்டிங் 5 நாள். ஆக 21 நாளைக்கு முன்னாடி மேட்டர் வாங்குறத நிறுத்தணும். கமிட்டிகிட்ட 28 நாள்னு சொல்லுங்க. தை, வைகாசி மாதிரி முகூர்த்த மாசம்னா பிரஸ்ல பத்திரிகை வேலை குவிஞ்சு கிடக்கும், ஒரு வாரம் கூட சேர்த்துக்கோங்க.

10. ஃபைல எடுத்து வைங்க

அச்சானதும் பிரஸ்லேர்ந்து மூணு வாங்குங்க: கடைசி பிடிஎஃப், திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல், பயன்படுத்துன ஃபான்ட். முதல்லயே பேசிக்கோங்க, அப்புறம் கேட்டா தனி காசு கேப்பாங்க, இல்ல கம்ப்யூட்டர் ஃபார்மேட் ஆயிடுச்சும்பாங்க. அதோட மேட்டர மட்டும் யுனிகோடுல ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைலாவும் வைங்க, எந்த சாஃப்ட்வேர் போனாலும் அது திறக்கும். நான் ஒரு பென்டிரைவ்ல போட்டு கோயில் பீரோவுல குடுத்துட்டேன், இன்னொரு காப்பி என் மெயில்ல. எங்க ஊர்ல அடுத்த கும்பாபிஷேகம் 12 வருஷம் கழிச்சு, அப்ப லேப்டாப் வச்சிருக்கிற வேற யாராவது மாட்டுவாங்க. கணக்கறிக்கைய பெரியப்பா திண்ணையில உக்காந்து, ட்யூப்லைட் பக்கம் போகாமலே படிச்சாரு. 9ஆம் பக்கத்துல பந்தல் செலவு கூட்டல்ல 500 ரூபா இடிக்குதுன்னாரு. இடிக்கத்தான் செஞ்சுது.